பணத்துக்குக் கதவு திறப்பு, மனைவிக்குத் தாழ்ப்பாள்!

“ஐரோப்பிய யூனியனில் 27 நாடுகள், உள்ளே எல்லையில்லை, எங்கும் போகலாம், எங்கும் பிழைக்கலாம்” என்று அதன் தலைவர்கள் மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். யாருக்கு எல்லையில்லை என்று நாம் கேட்கிறோம்.

முதலாளியின் கோடிகள் ஒரு நொடியில் நாடு விட்டு நாடு பறக்கின்றன. அவற்றிடம் யாரும் கல்யாண சர்டிபிகேட் கேட்பதில்லை. ஆனால், போர்ச்சுகல் தொழிலாளி ஒருவர் பிழைப்புக்காக ஜெர்மனி போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மனைவி பிரேசில் நாட்டவர். அவருக்குக் கதவு திறக்கிறது. மனைவிக்கோ பாஸ்போர்ட், கல்யாணப் பத்திரம், அதற்கு மொழிபெயர்ப்பு, கணவனின் வேலைக்கு அத்தாட்சி என்று காகிதத்துக்கு மேல் காகிதம்! தாலுகா கச்சேரி வாசலில் கால் கடுக்க நின்ற நம் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2004-ம் வருஷம் யூனியனே பிறப்பித்த 38-ம் எண் உத்தரவைப் பாருங்கள். யூனியன் பிரஜை வேறொரு யூனியன் நாட்டில் வேலை செய்தால், அவருடைய துணை எந்த நாட்டவரானாலும் கூட வசிக்கலாம், வேலைக்கும் போகலாம். மூன்று மாதத்துக்கு மேல் தங்க, வசிப்பு அட்டைக்கு மனுப் போட வேண்டும். மனுக் கொடுத்ததும் அதிகாரி ரசீது தர வேண்டும். ஆறு மாதத்துக்குள் அட்டை தர வேண்டும். அட்டை வந்த பிறகுதான் உரிமை என்பதில்லை. உரிமை முன்பே உண்டு, அட்டை அதற்குச் சாட்சி மட்டுமே.

ஏட்டில் உரிமை, வாசலில் என்ன? “அட்டை எங்கே?” என்கிறான் முதலாளி. அட்டையில்லை என்றால் வேலையில்லை. அத்தனை மாதமும் ஒருவர் கூலியில் இரண்டு வயிறு!

உரிமையை மறுக்கச் சர்க்கார்கள் செய்யாத தந்திரமில்லை. மனைவியோ கணவனோ முன்பே வேறொரு யூனியன் நாட்டில் சட்டப்படி வசித்திருக்க வேண்டும் என்று அயர்லாந்து விதி போட்டது. அந்த விதி செல்லாது என்று லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பியக் கோர்ட் 2008 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 1992-ல், சுரிந்தர் சிங் என்ற இந்தியரின் வழக்கு வந்தது. பிரிட்டிஷ் பெண்ணை மணந்த அவர், மனைவியுடன் ஜெர்மனியில் உழைத்துவிட்டு பிரிட்டன் திரும்பியவர். பிரிட்டிஷ் சர்க்கார் அவரை வெளியேற்றப் பார்த்தது. வெளிநாட்டில் உழைத்துத் திரும்புகிறவருக்குத் துணையையும் அழைத்துவரும் உரிமை உண்டு என்றது அதே கோர்ட்.

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது, தோழர்களே! சொந்த ஊரை விட்டு நகராத தொழிலாளிக்கு இந்த 38-ம் உத்தரவு பொருந்தாது. 2002-ல் டென்மார்க், தம்பதிகள் இருவருக்கும் 24 வயது ஆகியிருக்க வேண்டும் என்றது. பல ஜோடிகள் பாலத்தைத் தாண்டி சுவீடனின் மால்மோ நகரில் குடியேறிக் குடும்பம் நடத்தினார்கள். யூனியனில் இருந்தபோதே பிரிட்டன், 2012-ல், துணையை அழைத்துவர வருஷ வருமானம் 18,600 பவுன் வேண்டும் என்றது. யூனியனை விட்டு விலகிய பின், 2024-ல் அதை 29,000 ஆக்கியது. ஏழைக்குக் காதல் எதற்கு என்பதுதானே இதன் அர்த்தம்?

ஆக, இது குடும்பத்தின்மீது இரக்கப்பட்டுக் கொடுத்த உரிமையல்ல. மனைவியை விட்டு வா என்றால் தொழிலாளி வரமாட்டான். அவன் கை வேண்டும், அதனால் மனைவியையும் விடுகிறார்கள். வேலையில்லாமல் போய்த் தங்குகிறவரைப் போதிய பணம் காட்டு, நோய் இன்ஷூரன்ஸ் காட்டு என்கிறது அதே உத்தரவு!

“அந்நியநாட்டு மனைவி வந்து உன் வேலையைப் பறிக்கிறாள்” என்று தொழிலாளியின் காதில் ஓதுகிறவர்களும் உண்டு. வேலையைப் பறிப்பவள் அவளல்ல; ஆலையை மூடிவிட்டு மலிவான கூலி தேடி ஓடுகிற முதலாளி. அட்டையில்லாதவளை அரைக்கூலிக்கு வேலை வாங்குகிறவனும் அவனே. அவளுக்கு அட்டை கிடைத்தால் உன் கூலிக்கும் பாதுகாப்பு!

மனுக் கொடுத்த அன்றே ரசீது! ரசீதைக் காட்டினால் வேலை! ஊரை விட்டுப் போனவருக்கும் போகாதவருக்கும் ஒரே உரிமை! இவை பிச்சையல்ல. ஐரோப்பியத் தொழிற்சங்கங்கள் இவற்றைக் கூலிக் கோரிக்கையோடு சேர்த்து எழுப்பட்டும். சேர்ந்து உழைக்கும் இருவர் சேர்ந்து வாழ எந்தச் சர்க்காரின் தயவும் தேவையில்லை!