பில் அனுப்பியாச்சு, ஸ்பேமுக்குப் போயாச்சு!

வீட்டிலேயே பொடி, ஊறுகாய் செய்து விற்கும் ஒரு பெண்மணி, சொந்தமாக டொமைன் வாங்கி, கடைப் பெயரிலேயே மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்கிறார். விசிட்டிங் கார்டில் பார்க்க எடுப்பாகத்தான் இருக்கிறது. முதல் மொத்த ஆர்டருக்கு விலைப்பட்டியல் அனுப்புகிறார். பதிலே இல்லை. நான்கு நாள் கழித்துப் போன் போட்டால், "மெயிலே வரலையேம்மா, வேற இடத்துல சொல்லிட்டோம்" என்கிறார்கள். மெயில் போய்த்தான் இருந்தது, ஸ்பேம் பெட்டிக்குள்.

இப்படி ஆனதும் பலர் கடிதத்தில்தான் குறை தேடுவார்கள். 'தள்ளுபடி', 'இலவசம்' என்ற சொற்களை எடுத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கே இருக்காது. தபால் உறையில் அனுப்புநர் என்று யார் பெயரையும் யாரும் எழுதிவிடலாம் அல்லவா? மெயிலும் அப்படித்தான். 1982-ல் வகுத்த எஸ்.எம்.டி.பி. முறையில் அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்க வழியே வைக்கவில்லை.

அந்த ஓட்டையை அடைக்கப் பின்னால் வந்தவை மூன்று. இந்த டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல், எஸ்.பி.எஃப். ஒவ்வொரு மெயிலிலும் விழும் டிஜிட்டல் முத்திரை, டிகிம். இரண்டிலுமே தேறாத மெயிலை என்ன செய்வது என்ற உத்தரவு, டிமார்க். இவற்றுக்கான வரிகளை மெயில் சேவை தரும் நிறுவனமே கொடுத்துவிடும். டொமைனின் டி.என்.எஸ். பக்கத்தில் ஒட்டுவதுதான் வேலை. டிமார்க்கை முதலில் 'நன்' என்றே வையுங்கள். எடுத்த எடுப்பில் 'ரிஜெக்ட்' போட்டால், ஏதாவது தப்பாக இருந்தால் உங்கள் மெயிலே திரும்பிவிடும்.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கறார். தன் பயனர்களுக்குத் தினம் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம். மற்றவர்களுக்கு முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. பண்டிகை வாழ்த்தை மொத்தமாக அனுப்பப் புதிதாக ஒரு சேவையில் சேர்வார்கள். அது கொடுக்கும் எஸ்.பி.எஃப் வரியைப் பழையதற்குக் கீழே இரண்டாவதாகச் சேர்ப்பார்கள். ஒரு டொமைனுக்கு அந்த வரி ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. புதியதைப் பழைய வரிக்குள்ளேயே சேர்க்க வேண்டும்.

சரியாகிவிட்டதா? உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு மெயில் அனுப்பி, கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளிகளைத் தட்டி 'ஷோ ஒரிஜினல்' பாருங்கள். மூன்றுக்கும் நேரே 'பாஸ்' என்றிருக்க வேண்டும். போன் செயலியில் இந்த வசதி இல்லை.

மூன்றும் பாஸ் என்பதற்காக, எங்கிருந்தோ கிடைத்த 500 முகவரிகளுக்கு ஒரே நாளில் அனுப்பிவிடாதீர்கள். வாங்குபவர்கள் 'ஸ்பேம்' என்று தட்டத் தட்ட, உங்கள் டொமைனின் பெயர் கெடும். ஆயிரத்துக்கு மூன்று பேர் தட்டினாலே ஜிமெயில் கணக்கில் அது அதிகம்.