ஐந்து டாலர் கதவும் ஒரு பழைய பாட்டும்

ராக் இசை என்றாலே நம் தோழர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். வெள்ளைக்கார வசதிப் பிள்ளைகளின் கூச்சல், நமக்கென்ன என்கிறார்கள். வேறு சிலர் நேரெதிர். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அரசைத் திட்டினாலே புரட்சிக்காரர் பட்டம் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் சோம்பேறித்தனம் என்பது நம் கருத்து. ஃபுகாசி என்ற குழுவை முன்வைத்து இதைப் பேசுவோம்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1987-ல் மேடையேறிய குழு இது. இயன் மெக்கே, கை பிச்சோட்டோ, ஜோ லாலி, பிரெண்டன் கேன்டி ஆகிய நால்வரும் 2002 வரை சேர்ந்து வாசித்தார்கள். இந்தக் குழுவைக் கேட்கத் தொடங்குகிறவர்கள் பேஸ் கிட்டாரைப் பின்தொடர வேண்டும். லாலியின் பேஸ் நிதானமாக, ரெக்கே நடையில் முன்னால் போகும். அதன் மேல் இரண்டு கிட்டார்கள் சண்டை போடும். மெக்கேயின் குரல் அதட்டும். பிச்சோட்டோவின் குரல் நெளிந்து கீறும். 'வெயிட்டிங் ரூம்' பாடலில் எல்லாக் கருவிகளும் சட்டென்று ஒரே நேரத்தில் நின்றுவிடும். அந்த மௌனத்தில் அடுத்த அடிக்காக நம் உடம்பே காத்திருக்கும். 1990-ல் வந்த 'ரிப்பீட்டர்' முதல் 2001-ல் வந்த 'தி ஆர்கியுமென்ட்' வரை அந்தக் கட்டுப்பாடு குலையவில்லை.

இந்த ஓசை எங்கிருந்து வந்தது? அந்த பேஸ் நடை ஜமைக்காவின் ரெக்கேயிலிருந்து வந்தது. வாஷிங்டன் இளைஞர்களுக்கு அசுர வேகத்தைக் கற்றுக்கொடுத்தது பேட் பிரெய்ன்ஸ் என்ற கறுப்பினக் குழு. மெக்கேயே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த நகரத்துக் கறுப்பின மக்களின் சொந்த இசை கோ-கோ. மெக்கேயின் முந்தைய குழுவான மைனர் த்ரெட் 1983-ல் தன் கடைசி நிகழ்ச்சியை நடத்தியபோது ட்ரபிள் ஃபங்க் என்ற கோ-கோ குழுவும் அதே மேடையில் வாசித்தது. அன்று வாஷிங்டனில் கறுப்பின மக்களே பெரும்பான்மை. ஆனால் ஃபுகாசியின் நால்வரும் வெள்ளையர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

நாம் உண்மையிலேயே மதிப்பது அவர்களுடைய கணக்கு வழக்கை. மெக்கேயும் நண்பர்களும் 1980-ல் டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வாஷிங்டன் வட்டாரக் குழுக்களை மட்டுமே வெளியிட்டார்கள். எழுத்து ஒப்பந்தம் கிடையாது. செலவு போக மிஞ்சிய லாபத்தைக் குழுக்களோடு பங்கிட்டுக்கொண்டார்கள். ஃபுகாசி நிகழ்ச்சிக்கு நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் 5 டாலர்தான். அமெரிக்காவில் மது விற்கும் அரங்குகள் பலவற்றில் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களை விடமாட்டார்கள். எல்லா வயதினரையும் உள்ளே விட்டால்தான் வாசிப்போம் என்று இவர்கள் நின்றார்கள். தங்கள் பெயரில் டி-ஷர்ட் விற்கவில்லை. பெரிய நிறுவனங்கள் தேடி வந்தும் போகவில்லை. கூட்டத்தில் யாராவது அடுத்தவரை இடித்துத் தள்ளி அராஜகம் செய்தால் பாட்டை நிறுத்துவார்கள். கேட்காதவர் கையில் டிக்கெட் காசைக் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். 1991 ஜனவரியில், வளைகுடாப் போருக்கு எதிராக வெள்ளை மாளிகைக்கு எதிரேயே குளிரில் நின்று வாசித்தார்கள்.

விலையும் அரசியல்தான் என்பது நமக்குப் புதிதல்ல. 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய இதழின் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. யார் உள்ளே வர முடியும் என்பதை விலை முடிவு செய்கிறது.

இனி அந்தப் பழைய பாட்டுக்கு வருவோம். 1981-ல் மைனர் த்ரெட்டுக்காக மெக்கே 'கில்டி ஆஃப் பீயிங் வைட்' என்றொரு பாடல் எழுதினார். தன் பள்ளியில் வெள்ளையர் சிறுபான்மை, முன்னோர் செய்த குற்றத்துக்குத் தன்னைப் பொறுப்பாக்கினார்கள் என்பது அதன் ஆதங்கம். இனவெறிக்கு எதிராகத்தான் எழுதினேன் என்று அவர் பின்னால் விளக்கினார். அவருடைய எண்ணத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் 1996-ல் ஸ்லேயர் குழு அதை மீண்டும் பாடியபோது ஒரு சொல்லை மாற்றியது. பாட்டு வெள்ளைப் பெருமிதம் பேசத் தொடங்கிவிட்டது. ஒரே சொல்லில் கவிழ்ந்துவிடும் என்றால் அந்தப் பாட்டின் அஸ்திவாரத்திலேயே ஓட்டை இருந்தது என்றுதான் அர்த்தம்.

அந்த ஆதங்கம் நமக்குக் கேட்டுப் பழகிய குரல். "எங்க தாத்தா செஞ்சதுக்கு நான் என்ன பண்ணுவேன்? எனக்குச் சாதியே தெரியாது." இட ஒதுக்கீடு பற்றிப் பேச்செடுத்தாலே வகுப்பறையில் யாராவது ஒருவர் இப்படி எழுந்து நிற்பார். தாத்தாவின் குற்றத்தை யாரும் பேரன் தலையில் கட்டவில்லை. தாத்தா விட்டுப்போன நிலமும் வீடும் தொடர்பும் யார் கையில் இருக்கின்றன என்றுதான் கேட்கிறோம்.

இதே கேள்வியை ஃபுகாசியின் நேர்மையிடமும் கேட்கலாம். மெக்கேயின் தந்தை 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையாளர். பெரிய பணத்தை வேண்டாம் என்று சொல்ல மனவுறுதி வேண்டும். விழுந்தால் தாங்கிப்பிடிக்க ஒரு வீடு இருந்தால் அந்த உறுதி எளிதாக வரும். ஆகவே, காசுக்காகப் பெரிய நிறுவனத்தோடு கையெழுத்திடும் சேரிக் கலைஞரை "விலைபோய்விட்டார்" என்று ஏசுவதற்கு ஃபுகாசியை யாரும் ஆயுதமாக்க வேண்டாம். வீட்டு வாடகைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

அப்படியானால் இவர்களைத் தூக்கி எறிவதா? வேண்டாம். 2011 முதல் தங்கள் நிகழ்ச்சிப் பதிவுகளை அவர்களே இணையத்தில் அடுக்கி வைக்கிறார்கள். வாசித்தது ஆயிரத்துக்கும் மேல், பதிவாகி இருப்பது எண்ணூறுக்கும் மேல். யாரும் பறிக்க முடியாத வரலாறு அது. நம் பறையிசை இரவுகளில் எத்தனைக்குப் பதிவு இருக்கிறது? இருப்பதும் யாருடைய சேனலில் கிடக்கிறது?

அடுத்த நிகழ்ச்சிக்கு நோட்டீஸ் அடிக்கும் முன் மூன்று விஷயங்களை முடிவு செய்யுங்கள், தோழர்களே. பள்ளி மாணவியும் கூலிக்குப் போகும் அண்ணனும் கொடுக்கக்கூடிய கட்டணம் என்ன? கூட்டத்தில் ஒரு பெண்ணை யாராவது சீண்டினால் பறையை நிறுத்தப்போவது யார்? பதிவு யார் கையில் இருக்கும்? இவற்றுக்குப் பதில் வைத்துக்கொண்டு மேடை போடுங்கள்.

ஜெய் பீம்.