பச்சை எரிந்தது... பாதை மாறியது!

2023 ஜூன் 2, மாலை. ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு, ஒடிசாவின் பாஹாநாகா பஜார் நிலையத்தில் பச்சை விளக்கு எரிந்தது. நேரே போகலாம் என்று அர்த்தம். தண்டவாளமோ பக்கத்து லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே இரும்புத் தாது ஏற்றிய சரக்கு ரயில் நின்றது. 290-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

'கவச் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாமே' என்று அப்போது சொல்லாதவர் இல்லை.

கவச் நல்ல ஏற்பாடுதான். தண்டவாளத்தில் பொருத்திய சில்லுகள், ரயில் எங்கே இருக்கிறது என்று சொல்லும். முன்னால் உள்ள சிக்னலின் நிறம் ரேடியோ வழியே இன்ஜினுக்குள்ளேயே தெரியும். சிவப்பைத் தாண்டப் போனால் பிரேக் தானாக விழும். 2022 மார்ச்சில் ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் இன்ஜினில் ஏறி நின்று சோதித்தபோது, எதிரே இருந்த ரயிலுக்கு 380 மீட்டர் முன்பே வண்டி நின்றுவிட்டது.

சரி, விளக்கு பச்சை என்று கவச்சுக்குச் சொல்வது யார்? நிலையத்து இன்டர்லாக்கிங். தண்டவாளம் பிரியும் இடத்தில் உள்ள 'பாயின்ட்' சரியாகப் பூட்டிக்கொண்டது என்று தெரிந்த பிறகே பச்சை காட்ட வேண்டிய அமைப்பு அது. அந்தக் காலத்து கேபின்களில் லீவர்களை இரும்புப் பட்டைகள் பூட்டியிருக்கும். தப்பான லீவரை இழுத்தால் அசையாது. இன்று ரிலேக்களும் கணினியும் அதைச் செய்கின்றன. அவற்றுக்குச் சேதி கொண்டுவருவது ஒயர். ஒயர் பொய் சொன்னால் கணினி நம்பும், கவச் நம்பும், டிரைவரும் நம்புவார். பாவம், கோரமண்டலை ஓட்டியவர் பச்சையைப் பார்த்துத்தான் போனார்.

ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை போய் நின்றதும் ஒயரில்தான். நிலையத்தின் வடக்கு சிக்னல் அறையில் முன்பு எப்போதோ செய்த ஒயர் மாற்றத்தில் குறை. 94-ம் எண் லெவல் கிராஸிங்கில் மின்சாரத் தடுப்புக் கம்பம் மாற்றிய வேலையிலும் குறை. கோடிகளில் வாங்கும் கருவிக்குக் கிடைக்கும் விளம்பரம், ஒயரை மாட்டியவுடன் பாயின்ட்டை இரு பக்கமும் திருப்பி, விளக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஊழியருக்குக் கிடைப்பதில்லை. வண்டி மேல் வண்டி வரும் பாதையில் அதற்கான நேரமும் எளிதில் கிடைக்காது.

இத்தனைக்கும் இது முதல் முறை இல்லை. அதே காரக்பூர் கோட்டத்தில், பாங்க்ரா நயாபாஸ் நிலையத்தில், 2022 மே 16 அன்று சிக்னல் காட்டியது ஒரு பாதை, ரயில் போனது வேறு பாதை. காரணம், தவறான ஒயரிங். அன்றே கோளாறைச் சரிசெய்ய நடவடிக்கை எடுத்திருந்தால் பாஹாநாகா விபத்து நடந்திருக்காது என்று ஆணையரின் அறிக்கையே சொல்கிறது.