மாளிகை மட்டும்தான் வரலாறா?

கட்டடக்கலை என்றதும் கோட்டை கொத்தளங்களும் அரண்மனைகளும் ஆலயங்களுமே நம் கண்முன் எழுகின்றன. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். கூரை வீட்டில் பிறந்ததை வகுப்பில் சொல்லவே கூசியவன் நான். அந்தக் கூச்சத்தைப் போக்கியது, நூல்களின் வழியே நான் அறிந்த மற்றொரு கூரை வீடு!

இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியில் ஆல்ஃபிரிஸ்டன் என்றொரு சிற்றூர். அங்கே தேவாலயத்தின் அருகே நிற்கிறது, குருமார் இல்லம் என்று பெயர் பெற்ற அவ்வீடு. வயது ஏறத்தாழ 600.

அதன் அமைப்பைப் பாருங்கள். எலும்புக்கூடு போல் ஓக் மரச் சட்டங்கள். சட்டங்களின் இடைவெளியில் மிலாறு பின்னி, மண் அப்பிய சுவர். நடுவில் கூரை முகடு வரை திறந்த உயரமான கூடம். அதன் இருபுறமும் மாடி அறைகள். மாடிகள் கீழ்ச்சுவரைத் தாண்டிச் சற்றே முன்னே நீண்டிருக்க, எல்லாவற்றையும் ஒரே கூரை போர்த்துவதே இவ்வகை வீட்டின் தனித்தன்மை. அக்காலக் கூடங்களுக்குப் புகைபோக்கி கிடையாது. தரை நடுவே நெருப்பு எரியும். புகை மேலேறிக் கூரை வழியே வெளியேறும்.

தரையோ இன்னும் வியப்பு! சுண்ணாம்புக் கல்லை நொறுக்கிப் பரப்பி, இடித்து இறுக்கி, புளித்த பாலால் மெழுகியது. காட்டிலே மரம், காலடியிலே மண், குன்றிலே சுண்ணாம்பு, கறவையிலே பால்! கைக்கு எட்டியதைக் கொண்டே கட்டினான் அந்தத் தொழிலாளி. இது ஏழ்மையா? அறிவு என்பேன் நான்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வீடு சிதைந்து, இடிபடும் நிலைக்கு வந்தது. அவ்வூர்க் குருவானவர் பெய்னன் மனம் பொறாமல் உதவி தேடினார். 1895இல் தோன்றிய தேசிய அறக்கட்டளை, 1896இல் வெறும் 10 பவுண்டுக்கு இதை வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் இதுதான்! பின்னாளில் எத்தனையோ பெரும் மாளிகைகளைப் பெற்ற அமைப்பு, தன் முதல் அடியைக் கூரை வீட்டில் வைத்தது.

“வீடில்லாதவர் ஆயிரம் பேர் இருக்க, விழுகிற வீட்டுக்கு முட்டுக் கொடுப்பதா?” என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. விடையும் அந்த வரலாற்றிலேயே உண்டு. அறக்கட்டளையை நிறுவிய மூவருள் ஒருவர் ஆக்டேவியா ஹில் அம்மையார். 1865 முதல் லண்டன் ஏழைகளின் குடியிருப்புகளைச் சீர்படுத்த உழைத்தவர் அவர். ஏழையின் இன்றைய வீட்டுக்காகப் பாடுபட்ட அதே நெஞ்சம்தான் எளியவரின் பழைய வீட்டுக்காகவும் துடித்தது. இரண்டும் பகையல்ல.

ஒன்று மட்டும் வேண்டுவேன். பழையதைக் காப்பதாகச் சொல்லி அதைப் புத்தம் புதிதாக்கிவிடக் கூடாது. 1877இல் வில்லியம் மாரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் வலியுறுத்தியதும் இதுவே: பழுது பார், பழமையை அழிக்காதே.

மாளிகை, கட்டுவித்தவன் பெயரைச் சொல்லும். இந்த வீடோ பெயர் தெரியாத தச்சனின் கைத்திறனைச் சொல்கிறது. அதுவும் வரலாறே என்பது என் துணிபு. இப்போது யார் கேட்டாலும் சொல்வேன், நான் கூரை வீட்டில் பிறந்தவன் என்று!