ரேடியேட்டரை மாத்துங்க, ஏசியைத் தொடாதீங்க

காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு ஏறும் ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள். லீவு நாளில் ஏதாவது ஒரு வளைவில் பானட்டைத் திறந்து வெச்சு, ஆவி பறக்க ஒரு கார் நிக்கும். இதில் ஆச்சரியம் ஒண்ணும் இல்லை. சின்ன கியரில் இன்ஜின் மூச்சு வாங்குது, வண்டி மெதுவாப் போறதால முன்னாடி காத்து பத்தலை, போதாததுக்கு உள்ளே ஏசியும் ஓடுது. பழைய ரேடியேட்டர் தன் வயசைக் காட்டும் இடம் எங்க மலைதான்.

ஒழுகுற ரேடியேட்டரை மாத்தப் போனா, சில பட்டறைகளில் "ஏசி கேஸையும் இறக்கி ஏத்தணும்"னு ஒரு செலவையும் சேர்த்துச் சொல்வாங்க. நிறைய கார்களுக்கு அது தேவையே இல்லைங்கிறதுதான் என் கருத்து. கொஞ்சம் கைப்பழக்கம் இருந்தா, ரேடியேட்டரை வீட்டு வாசலிலேயே மாத்திடலாம்.

காரோட மூக்குப் பக்கம் குனிஞ்சு பாருங்க. முதலில் தெரியறது கண்டென்சர், அது ஏசியோட உறுப்பு. அதுக்குப் பின்னாடி ரேடியேட்டர், அதுக்கும் பின்னாடி விசிறி. ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும். ஆனா ஒண்ணில் ஓடுறது கேஸ், இன்னொண்ணில் கூலன்ட். ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது சில போல்ட்டும் கிளிப்பும்தான். எங்க தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில்தான் மிளகுக்கொடி ஏறியிருக்கும். நிழல் குறைய மரத்தைக் கவாத்து பண்றவன் கொடியை அறுக்க மாட்டான். இங்கேயும் அந்த நிதானம்தான் வேணும்.

வேலை இப்படி: இன்ஜின் முழுசா ஆறணும். சூட்டில் மூடியைத் திறந்தா கொதிக்கிற தண்ணி முகத்தில் அடிக்கும். பேட்டரியோட நெகட்டிவ் ஒயரைக் கழட்டிடுங்க; சில வண்டிகளில் இன்ஜினை அணைச்ச பிறகும் விசிறி சுத்தும். கூலன்டை ஒரு அகலமான பாத்திரத்தில் வடிச்சு, ஹோஸ்களையும் விசிறியையும் எடுங்க. ஆட்டோ கியர் வண்டின்னா கியர் ஆயில் குழாயும் ரேடியேட்டருக்கு வரலாம், பாத்துக்கோங்க. கண்டென்சர் போல்ட்டைத் தொடும் முன்னாடி, அதை மேல் சட்டத்தோடு கயிறு போட்டுக் கட்டுங்க. அதோட பாரம் அலுமினியக் குழாயில் தொங்கக் கூடாது. நடுவில் ஒரு அட்டையைச் செருகிட்டு, ரேடியேட்டரை மட்டும் மேலே தூக்குங்க. புதுசை மாட்டின பிறகு, கம்பெனி சொன்ன கூலன்டை ஊத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வெச்சு, உள்ளே சிக்கின காத்தை வெளியேத்துங்க.

ஏசி குழாயை மட்டும் ஏன் திறக்கக் கூடாது? அழுத்தத்தில் இருக்கிற கேஸ் தோலில் பட்டா உறைஞ்சு புண்ணாகும். உள்ளே ஈரம் புகுந்தா, வேக்குவம் பம்ப் போட்டு இழுக்காம ஏசி தேறாது. இதெல்லாம் நம்ம நஷ்டம். ஊருக்கு வர்ற நஷ்டம் வேற. பல கார்களில் இருக்கிறது ஆர்-134ஏ. அதில் 1 கிலோ, பூமியைச் சூடாக்குறதில் சுமார் 1,400 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு சின்ன காரில் உள்ள அரை கிலோ கேஸைக் காத்தில் விட்டா, 300 லிட்டர் பெட்ரோல் எரிச்ச மாதிரி. இந்த மாதிரி வாயுக்களைக் குறைக்கத்தான் 2016-ல் கிகாலியில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டாங்க, 2021-ல் இந்தியாவும் அதை ஏத்துக்கிச்சு. மழை தவறினா முதலில் அடி வாங்குறது எங்க மாதிரி மானாவாரிக்காரங்க. அதனால உங்க பானட்டுக்கு அடியில் நடக்கிறதில் எனக்கும் பங்கு இருக்கு.

இன்னொரு விஷயம், வடிச்ச கூலன்ட். அதில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும், ஆனா விஷம். நாயோ கன்னுக்குட்டியோ நக்கினா பிழைக்கிறது கஷ்டம். ஓடையிலோ சாக்கடையிலோ ஊத்தாம, கேனில் அடைச்சு, பழைய ஆயில் சேகரிக்கிற பட்டறையில் கேட்டுக் கொடுங்க.

எல்லா வண்டிக்கும் இது ஒத்துவராது. சிலதில் பம்பரையே கழட்டணும், சிலதில் ஏசி குழாய் குறுக்கே ஓடும். அங்கே மெக்கானிக்கிட்ட விடுறதுதான் புத்திசாலித்தனம். கேஸைக் காத்தில் விடாம மெஷினில் பிடிக்கிற இடமாப் பாத்து விடுங்க. அவங்க பிழைப்பைக் கெடுக்கச் சொல்லலை. ஸ்பேனரைக் கையில் எடுக்காதவங்களும் ஒரு கேள்வி கேட்கலாமே: "அண்ணே, கண்டென்சரைக் கட்டி நிறுத்திட்டு, கேஸைத் திறக்காம ரேடியேட்டரை எடுக்க முடியுமா?" தொழில் தெரிஞ்சவர் குனிஞ்சு பாத்துட்டுத்தான் பதில் சொல்வார். பாக்காமலே "முடியாது"ன்னா, அடுத்த பட்டறையில் விசாரிங்க.