பரணில் தூங்கும் கிதார்

"மாமனார் வாசித்த ஸ்டீல் கிதார் பரணில் தூங்குகிறது. பெண்ணோ மின்சாரக் கிதார்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பழையதை வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா?" என்று கேட்கிறார், கவரைப்பேட்டைச் சகோதரி ஒருவர்.

சற்றுப் பொறுங்கள், அம்மா! மின்சாரக் கிதாருக்குத் தாய்வீடே ஸ்டீல் கிதார்தான். நடன மண்டபத்து இரைச்சலில் ஹவாய்க் கிதாரின் நாதம் எடுபடவில்லை. அதற்காக அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் என்பவர் தந்திகளின் அருகே காந்தமும் கம்பிச் சுருளும் பொருத்தினார். 1932-ல் விற்பனைக்கு வந்த அந்த அலுமினிய வாத்தியம், மடியில் வைத்து உருக்குத் துண்டால் வாசிப்பது. அதன் உருவத்தைப் பார்த்து, கைப்பிடி வாணலி என்றே செல்லப் பெயர் வைத்துவிட்டார்கள்!

ஆகவே முதலில் வாத்தியத்தைத் துடைத்து, புது உருக்குத் தந்திகளைப் போடுங்கள். நைலான் தந்தியைக் காந்தம் சட்டை செய்யாது. நடுத் துவாரத்தில் மாட்டும் பிக்அப் ஒன்றும், சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் போதும். ஆம்ப்ளிஃபயரில் 'கெயின்' குமிழைக் கூட்டி, 'வால்யூம்' குமிழைக் குறைத்தால், பெண் விரும்பும் அந்தக் கரகரப்பு வந்துவிடும். வாத்தியம் ஊளையிட்டால் உள்ளே பழைய துணியைத் திணியுங்கள். மூன்று முனை பிளக்கும் சரியான எர்த்தும் அவசியம். ஈரக் கையோடு தொடவே கூடாது.

மீதி கையில் இருக்கிறது. கோட்டு வாத்தியத்தில் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளைக் கேட்டவர்கள், தந்திமேல் கட்டை வழுக்கும் சுகத்தை அறிவார்கள். ஸ்டீல் கிதாருக்கும் அழகு அதுவே. ஆனால் மின்சாரக் கிதாரின் குரல் வேண்டுமானால் அந்த வழுக்கலை அடக்க வேண்டும். உருக்குத் துண்டு ஸ்வர ஸ்தானத்துக்கு நேர் மேலே போய் நிற்கட்டும். அதற்குப் பின்னால் இடக்கை விரல்கள் தந்திகளை லேசாகத் தொட்டிருந்தால் வீண் ரீங்காரம் எழாது. விரல் கவசங்களைக் கழற்றிவிட்டு, தட்டையான மீட்டு வில்லையால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் வலது உள்ளங்கையின் ஓரத்தால் உடனே அமர்த்தட்டும். ஓயாத நடுக்கமும் வேண்டாம். மின்சாரக் கிதார்காரர் விரலால் தந்தியைத் தள்ளும்போது சுருதி மேலே ஏறித் திரும்பும். துண்டும் அப்படியே மேலே போய்த் திரும்பட்டும்.

ஒன்றை மட்டும் மறைப்பதற்கில்லை. துண்டு நேரானது, விரல்களைப் போல வளைந்து எல்லாக் 'கார்டு'களையும் பிடிக்காது. தனி மெட்டுகள் வரும். பாட்டுக்குப் பின்னணியாக விதவிதமான கார்டுகள் அடிக்க வராது. பெண்ணின் ஆசை எதில் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மெட்டுகளில் என்றால் பரணில் ஏணி வையுங்கள். கார்டுகளில்தான் என்றால் புதிசு வாங்குவதில் தவறில்லை; அப்போதும் தாத்தாவின் கிதாரை விற்றுவிடாதீர்கள்.