ஓரிரவு அறையும் ஓராண்டு வீடும்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் பினாங்குப் பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்துதான் செல்லும். 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நெரிசலைக் குறைக்க, 2014இல் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலமும் வந்துவிட்டது. அப்படியும் விடுமுறை நாள்களில் நெரிசல் தீர்ந்தபாடில்லை. கூலிம், சுங்கைப் பட்டாணி, தைப்பிங், ஈப்போ என்று பல ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் ஜார்ஜ்டவுனை நோக்கிப் புறப்படுகின்றன. பட்டர்வொர்த்வரை இரயிலில் வந்து, அங்கிருந்து ஃபெரியில் நீரிணையைக் கடப்போரும் உண்டு.

இவர்களுள் கைக்குழந்தையோடு வரும் இளந்தம்பதியரும் பலர். இரண்டு மூன்று நாள் தங்குகிறார்கள். கொடிமலைக்கு ஏறி இறங்குகிறார்கள். லிட்டல் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு, வெயிலுக்கு ஒரு கிண்ணம் செண்டோல், மாலையில் கடற்கரைக் காற்று. ஊர் திரும்பும் நாளில் அவர்கள் மனத்தில் ஓர் ஆசை முளைக்கிறது: இங்கேயே ஒரு வேலையைத் தேடிக்கொண்டு குடிவந்துவிட்டால் என்ன?

ஆசையில் தவறில்லை. வாய்ப்பைத் தேடிப் பெருநகருக்குப் பெயர்வது இன்று நேற்று வந்த பழக்கமன்று. ஆனால், அந்த மூன்று நாளில் அவர்கள் கண்டது விருந்தினருக்காக அலங்கரிக்கப்பட்ட நகர். குடியிருக்க வருபவருக்கு அதே நகர் வேறு முகத்தைக் காட்டும். ஜார்ஜ்டவுனின் பழைய நகர்ப்பகுதியில் ஓரிரவு தங்குவதற்கு அறை கைப்பேசியில் பத்து நிமிடத்தில் கிடைத்துவிடும். குழந்தையோடு ஓராண்டு குடியிருக்க, இளந்தம்பதியரின் வருமானத்துக்கு ஏற்ற வீடு கிடைப்பதுதான் அரிது. இந்த நிலையை நகரின் வளர்ச்சி என்று சொல்லி மகிழ்வதற்கில்லை.

முன்பு நிலை இப்படி இருந்ததில்லை. நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பலேறிப் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கிய தமிழர்கள், கையில் அதிகப் பணத்தோடு வந்தவர்கள் அல்லர். பலர் முதலில் தனியாகத்தான் வந்தார்கள். துறைமுகத்திலோ கடையிலோ சலவைத் துறையிலோ வேலையில் அமர்ந்து, சில ஆண்டுகள் கழித்தே மனைவியை அழைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒதுங்க இடம் கொடுத்தவை கடைவீடுகள். கீழ்த்தளத்தில் வணிகம், மேல்தளத்தில் குடும்பம். ஒரே வீட்டைப் பலகைத் தடுப்பால் பிரித்துப் பல குடும்பங்கள் வாழ்ந்ததும் உண்டு. வசதி குறைவுதான். ஆனாலும் கை வறண்டவருக்கும் நகரின் நடுவிலேயே ஓர் இடம் இருந்தது.

அந்த இடத்தைக் காத்து நின்றது ஒரு சட்டம். 1948 ஜனவரி இறுதிக்குள் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உரிமையாளர் விருப்பம்போல் உயர்த்த இயலாதவாறு, 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தடுத்து வைத்திருந்தது. நாட்டிலேயே இச்சட்டத்தின்கீழ் மிகுதியான கட்டடங்கள் இருந்த இடம் பினாங்குதான். 1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. இடைக்காலச் சலுகை 1999 டிசம்பரோடு முடிந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்ததும் வாடகை பல இடங்களில் பன்மடங்கு உயர்ந்தது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு வெளியேறினார்கள்.

உரிமையாளர் தரப்பிலும் நியாயம் இருந்தது. அவர்களுக்குக் கிடைத்த வாடகை, ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்றக்கூடப் போதவில்லை. கட்டடங்கள் கண்முன்னே சிதைந்தன. ஆகவே, சட்டத்தை என்றென்றைக்கும் வைத்திருக்க வேண்டும் என்று வாதிடுவது எளிதன்று. குறை வேறிடத்தில் இருக்கிறது. வெளியேறுவோருக்கு மாற்று இடம் எங்கே என்ற கேள்விக்கு உரிய விடை காணாமலேயே கதவு திறந்துவிடப்பட்டது.

2008 ஜூலையில் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. ஜார்ஜ்டவுனில் மட்டும் ஏறத்தாழ 259 எக்டர் பரப்பு இந்தச் சிறப்பைப் பெற்றது. பாழடைந்திருந்த வீடுகள் புதுப்பிக்கப்பட்டன. தெருக்கள் பொலிவு பெற்றன. கூடவே கட்டடங்களின் விலையும் ஏறியது. உள்ளூர்ச் செல்வர்களும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும் கடைவீடுகளை வாங்கினார்கள். தங்கும் விடுதியாகவும் காப்பிக்கடையாகவும் மாறிய வீடுகளில் குடும்பங்களுக்கு இடமில்லை. பாரம்பரியப் பகுதியின் மக்கள்தொகை 2009இல் பத்தாயிரத்தைச் சற்றே தாண்டியிருந்தது. 2013இல் அது பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

ஆர்மீனியன் தெருவுக்குச் சென்றவர்கள் அங்குள்ள சுவரோவியத்தை மறந்திருக்க மாட்டார்கள். 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் தீட்டியது அது. உண்மையான மிதிவண்டி ஒன்றைச் சுவரோடு பொருத்தி, அதில் இரு பிள்ளைகள் சவாரி செய்வதுபோல் அமைத்திருக்கிறார். அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்ளச் சுற்றுப்பயணிகள் வரிசை பிடிக்கிறார்கள். நல்ல ஓவியம்தான். ஆனால், அத்தெருக்களில் மிதிவண்டி ஓட்டி விளையாட வேண்டிய பிள்ளைகளின் பெற்றோர் எங்கே குடியிருக்கிறார்கள்? பாயான் லெப்பாசின் அடுக்குமாடிகளில், செபராங் பிறை வீடமைப்புப் பகுதிகளில், இன்னும் சிலர் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் ஊர் திரும்புகையில், தாத்தா பாட்டி வாழ்ந்த வீடு இல்லாததால் பிறந்த ஊரிலேயே விடுதியில் தங்குபவர்களின் வருத்தம் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை.

இதற்கு மறுப்புச் சொல்வோர் உண்டு. இளைஞர்கள் தாங்களாகவே பழைய வீடுகளை விரும்புவதில்லை என்கிறார்கள். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பழைய கடைவீட்டில் மாடிப்படி செங்குத்தானது, வெளிச்சம் குறைவு, காரை நிறுத்த இடமில்லை. 1972இல் பாயான் லெப்பாசில் தொடங்கிய தொழிற்பேட்டையும் இளைஞர்களைத் தீவின் தென்பகுதிக்கு ஈர்த்தது. விரும்பிப் போனவர்களைத் தடுக்க வேண்டியதில்லை. ஆயினும், வாடகை தாங்காமல் போனவர்களையும் விரும்பிப் போனவர்கள் கணக்கில் சேர்ப்பது சரியாகாது.

சுற்றுலா பலருக்கு வேலை தருகிறதே என்பது மற்றொரு வாதம். அதையும் மறுக்க முடியாது. ஆனால், விடுதியில் படுக்கை விரிப்பவர்களிலும் காலை உணவு சமைப்பவர்களிலும் எத்தனையோ பேர் விடியுமுன் எழுந்து, நீரிணையைத் தாண்டி வேலைக்கு வந்து திரும்புகிறார்கள். மேலும், யுனெஸ்கோ இந்நகரைத் தேர்ந்தெடுத்ததற்கு அழகிய கட்டடங்கள் மட்டும் காரணமல்ல. பல இன மக்களின் வாழும் மரபுக்குச் சான்றாக இருப்பதும் ஒரு காரணம். பூச்சரம் தொடுப்பவர், மசாலை அரைப்பவர், ஊதுபத்தி செய்பவர், பெயர்ப்பலகை செதுக்குபவர் ஆகியோரின் தொழில், அடுத்த தலைமுறை அருகில் வாழ்ந்தால்தான் கைமாறும்.

இது பினாங்குக்கு மட்டும் நேர்ந்ததன்று. இத்தாலியின் வெனிஸ் நகரில், 1950களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த தீவுப்பகுதியில், 2022இல் 50,000 பேர்கூட இல்லை. பகல் நேரத்தில் வந்து போகும் பயணிகளிடம் 2024இல் அந்நகர் கட்டணம் வாங்கத் தொடங்கியது. காலியான வீடுகளுக்குக் கட்டணத்தால் குடும்பங்கள் திரும்பிவிடப் போவதில்லை. ஸ்பெயினின் பார்சலோனா இன்னும் கடுமையான முடிவை அறிவித்திருக்கிறது. சுற்றுப்பயணிகளுக்கு விடப்படும் ஏறக்குறைய 10,000 அடுக்குமாடி வீடுகளின் உரிமத்தை 2028க்குள் முடிவுக்குக் கொண்டுவருவதே அத்திட்டம். பினாங்கிலும் 2023இல் குறுகிய கால வாடகை வீடுகளுக்கென வழிகாட்டி வகுக்கப்பட்டது. நல்ல தொடக்கம்தான். எனினும், அடுக்குமாடிகளில் பயணிகளைக் கட்டுப்படுத்துவதால் மட்டும் பழைய நகருக்குள் குடும்பங்கள் வந்துவிடமாட்டா.

குடிவர விரும்பும் தம்பதியரும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விடுமுறையில் கண்டதை வைத்து முடிவெடுக்காமல், சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் விடுப்பெடுத்து வந்து பார்க்கலாம். காலை ஏழு மணிக்குச் சாலை எப்படி இருக்கிறது, பிள்ளையைச் சேர்க்கப்போகும் பள்ளி எவ்வளவு தொலைவு, வேலை முடிந்து வரும்வரை குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார், வாடகைக்கும் முன்பணத்துக்கும் பிறகு சம்பளத்தில் மிஞ்சுவது எவ்வளவு ஆகியவை எல்லாம் அன்றைக்குத்தான் தெரியும்.

நகரத்தின் பக்கமும் செய்யக்கூடியது உண்டு. பழைய ஜார்ஜ்டவுனின் வீடுகளில் கணிசமானவை தனியார் கையில் இல்லை. சீனக் குலச்சங்கங்களான கொங்சிகள், பள்ளிவாசல்களின் வக்ஃப் சொத்துகள், கோயில்கள், இந்து அறப்பணி வாரியம் எனப் பொதுநல அமைப்புகளிடம் பல வீடுகள் இருக்கின்றன. வந்து சேர்ந்த ஏழைகளைத் தாங்குவதற்காகவே இவற்றுள் பல தோன்றின. அவை தங்கள் வீடுகளில் ஒரு பங்கையாவது குழந்தையுள்ள இளங்குடும்பங்களுக்கென ஒதுக்கலாம். பழுதுபார்க்கும் செலவில் அரசு கைகொடுக்கலாம். வாடகை ஒப்பந்தமும் ஆண்டுக்கொரு முறை அச்சுறுத்துவதாக இல்லாமல் ஆறாண்டுக்கு இருக்க வேண்டும். முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை வீடு மாறாமல், பள்ளி மாறாமல், ஆறாம் ஆண்டை முடிக்க அவ்வளவு காலம் தேவைப்படுகிறது.